வெளிச்சத்தை வைத்து எடை போட முடியுமா?

அதிஒளிர் எக்ஸ் கதிர் மூலங்களைப் பற்றி எந்த அறிமுகக் கட்டுரையைப் புரட்டினாலும், இரண்டாவது பத்திக்குள் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "இவை கருந்துளைகளால் இயங்குபவை." சில இடங்களில் "பெரும்பாலும்" என்ற சொல் முன்னால் ஒட்டியிருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. ஒவ்வொரு முறையும் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். அது பொய் என்று சொல்ல வரவில்லை. அவற்றில் கருந்துளைகள் இருக்கின்றன என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அளந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று தேடிப்போனால், அளந்தது மிகக் கொஞ்சம் என்று தெரிகிறது. பல வருடங்களாக மனதில் கிடந்து உறுத்தும் விஷயம் இது. எழுதிப் பார்த்தாலாவது ஒரு நிலைக்கு வருகிறதா பார்க்கலாம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற கேலக்ஸிகளில், மையத்தில் இல்லாமல் ஓரங்களில், சுருள் கரங்களில், புதிய விண்மீன்கள் பிறக்கும் பகுதிகளில் தெரியும் எக்ஸ் கதிர்ப் புள்ளிகள். மையத்தில் இருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் பெருங்கருந்துளையின் வேலை என்று விட்டுவிடலாம். ஓரத்தில் இருப்பதால் விட முடியாது. ஒவ்வொன்றும் நொடிக்கு 10³⁹ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் ஓர் அலகு) அளவுக்கு மேல் ஆற்றலைக் கொட்டுகிறது. நம் சூரியன் எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து வெளியிடுவதைப் போல இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல், அதுவும் எக்ஸ் கதிரில் மட்டும். 1978இல் விண்ணுக்குப் போன ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள்தான் இவற்றை முதலில் காட்டியது. அதற்குப் பிறகு ரோசாட், சந்திரா, எக்ஸ்எம்எம் நியூட்டன் என்று ஒவ்வொரு தொலைநோக்கியும் பட்டியலை நீட்டிக்கொண்டே போனது. 2022இல் வந்த ஒரு தொகுப்பில் சுமார் 950 கேலக்ஸிகளில் 1,800க்கும் மேற்பட்ட மூலங்கள் இருக்கின்றன.

எடிங்டன் கணக்கும் அதைத் திருப்பிப் போட்ட விதமும்

கருந்துளை என்ற முடிவு எங்கிருந்து வந்தது? எடிங்டன் வரம்பிலிருந்து. ஒளிக்குத் தள்ளும் சக்தி உண்டு. ஒரு பொருளின்மீது வாயு விழும்போது வெப்பமடைந்து ஒளிர்கிறது. அந்த ஒளி, மேலிருந்து வந்துகொண்டிருக்கும் வாயுவை வெளியே தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் தள்ளலும் ஈர்ப்பும் சமமாகிவிடும், அதற்கு மேல் வாயு விழ முடியாது, அதனால் அதற்கு மேல் பிரகாசமும் ஏற முடியாது. சூரிய நிறை ஒன்றுக்கு இந்த வரம்பு நொடிக்குச் சுமார் 1.3 × 10³⁸ எர்க். பத்து சூரிய நிறையுள்ள சாதாரணக் கருந்துளைக்கு 1.3 × 10³⁹.

இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டார்கள். பிரகாசம் 10⁴⁰ என்றால், வரம்பை மீறாமல் இருக்க நிறை எண்பதுக்குக் குறையக் கூடாது. எம்82 கேலக்ஸியில் உள்ள எக்ஸ்-1 என்ற மூலம் 10⁴¹ வரை எட்டுகிறது, அப்படியானால் எண்ணூறு சூரிய நிறை. 1999இல் கோல்பர்ட், முஷோட்ஸ்கி இருவரும் நூறிலிருந்து பத்தாயிரம் சூரிய நிறை வரையிலான இடைநிலைக் கருந்துளைகள் இவை என்று முன்வைத்தார்கள். அந்த யோசனையின் கவர்ச்சி எனக்கு நன்றாகப் புரிகிறது. விண்மீன் இறந்து உண்டாகும் சிறிய கருந்துளைகளைத் தெரியும், கேலக்ஸி மையங்களில் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான சூரிய நிறையோடு இருக்கும் பெரியவற்றையும் தெரியும். நடுவில் வெற்றிடம். பெரியது சிறியதிலிருந்துதான் வளர்ந்திருக்கும் என்றால் இடையில் உள்ளவை எங்கேயாவது இருக்க வேண்டும். தேடிக்கொண்டிருந்த ஒன்று, தேடிய இடத்திலேயே பளிச்சென்று கண்ணில் பட்டதைப் போல இருந்திருக்கும்.

அப்புறம் இன்னொரு சான்றும் சேர்ந்தது. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உள்விளிம்பு எவ்வளவு சூடாக இருக்கும் என்பது நிறையைப் பொறுத்தது. கருந்துளை பெரிதாக ஆக, வட்டு குளிர்கிறது. பால்வீதியில் நாம் அறிந்த சிறிய கருந்துளைகளின் வட்டுகள் ஒரு கோடி டிகிரி அளவில் இருக்கின்றன. 2003இல் ஜான் மில்லரும் கூட்டாளிகளும் என்ஜிசி 1313 கேலக்ஸியின் எக்ஸ்-1 மூலத்தின் நிறமாலையில் இருபது லட்சம் டிகிரிக்கும் குறைவான ஒரு பகுதியைக் கண்டார்கள். அதை வட்டின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டால் நிறை ஆயிரம் சூரியன்கள் அளவுக்கு வரும். பிரகாசம் சொன்னதை வெப்பமானியும் சொல்கிறது. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆனால் அவை உண்மையில் தனித்தனிச் சாட்சிகளா என்பதுதான் என் சந்தேகம். வட்டு மெல்லியதாக, அமைதியாக, கருந்துளையின் அருகு வரை நீண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால்தான் வெப்பநிலையிலிருந்து நிறைக்குப் போக முடியும். எடிங்டன் வரம்புக்குள் வாயு விழும்போதுதான் வட்டு அப்படி இருக்கும். அதாவது, வரம்பு மீறப்படவில்லை என்று முதல் சாட்சி எதை எடுத்துக்கொண்டதோ அதையே இரண்டாவது சாட்சியும் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு அனுமானம் ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

ஆடத்தான் செய்தது. 2009இல் கிளாட்ஸ்டன், ராபர்ட்ஸ், டன் மூவரும் எக்ஸ்எம்எம் நியூட்டனின் தரமான நிறமாலைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உயர் ஆற்றல் பக்கம் நேராக நீள வேண்டிய கோடு, சில ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு இது) வளைந்து கீழே இறங்கியது. வரம்புக்குள் அடங்கி நிதானமாக விழுங்கும் பெரிய கருந்துளை அப்படிச் செய்யாது. 2012இல் ஏவப்பட்ட நியூஸ்டார் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இன்னும் உயர்ந்த ஆற்றலில் பார்த்து, அந்த வளைவு உண்மைதான் என்று உறுதி செய்தது. அந்தக் குளிர்ந்த பகுதியும் வட்டே இல்லாமல், வெளியே வீசியடிக்கும் அடர்ந்த காற்றின் மேற்பரப்பாக இருக்கலாம் என்ற வாசிப்பு வலுத்தது. 2016இல் பின்டோ குழுவினர் என்ஜிசி 1313 எக்ஸ்-1இலேயே, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் பாயும் காற்றின் தடயத்தை நிறமாலையில் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் சூரிய நிறைக்குச் சான்றாக இருந்த அதே மூலம், வரம்பு மீறி விழுங்குவதற்கான சான்றாக மாறியது.

எல்லாப் பக்கமும் ஒளிர்கிறதா?

வரம்பை மீறலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1973இலேயே ஷக்குராவும் சுன்யாயேவும் எழுதிய ஆய்வில் அதற்கான கணக்கு இருக்கிறது. வாயு அளவுக்கு மீறி வந்தால் வட்டு உப்புகிறது, உபரியைக் காற்றாக வெளியே தள்ளுகிறது, ஆனாலும் மொத்தப் பிரகாசம் வரம்பைத் தாண்டுகிறது. மெதுவாகத்தான் தாண்டுகிறது: வாயுவின் வரத்து ஆயிரம் மடங்கு ஏறினால் பிரகாசம் வரம்பைப் போல எட்டு மடங்கு அளவுக்கு வரும். கூடவே, உப்பிய வட்டின் நடுவே புனல் வடிவத்தில் ஒரு வழி உண்டாகி ஒளி அதன் வழியே வெளியேறினால், அந்தத் திசையில் இருப்பவருக்கு அது இன்னும் பிரகாசமாகத் தெரியும். டார்ச் விளக்கின் கண்ணாடிக்கு நேரே நிற்பவரின் கண் கூசுவது மாதிரி. 2001இல் ஆண்ட்ரூ கிங்கும் அவர் குழுவும் இதைத்தான் சொன்னார்கள்: இவை இடைநிலைக் கருந்துளைகள் அல்ல, சிறிய கருந்துளை போன்ற ஒன்று பக்கத்துத் துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கும் சாதாரண இரட்டை விண்மீன்கள், நாம் நல்ல கோணத்தில் நிற்கிறோம்.

புனல் உண்டு என்பதற்கு பால்வீதியிலேயே அடையாளங்கள் இருக்கின்றன. எஸ்எஸ் 433 என்ற மூலம் வரம்பை மீறி விழுங்குகிறது, ஒளியின் வேகத்தில் 26 சதவீத வேகத்தில் இரு தாரைகளைப் பீய்ச்சுகிறது, அந்தத் தாரைகள் 162 நாளுக்கு ஒரு முறை பம்பரம் போலத் தலைசுற்றுகின்றன. ஆனால் நாம் அதைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், அதனால் எக்ஸ் கதிரில் மங்கல்தான். இன்னொரு கோணத்திலிருந்து பார்க்கும் யாருக்காவது அது அதிஒளிர் மூலமாகத் தெரிந்தாலும் தெரியலாம். 2024இல் வெளிவந்த ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோளின் முனைவாக்க அளவீடுகள் (ஒளி அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்ற அளவீடுகள்), பால்வீதியில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-3 என்ற மூலமும் இப்படிப் புனலுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று என்று காட்டின.

இருந்தாலும் எல்லாவற்றையும் கோணத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாதம் இங்கேதான் வருகிறது. ஹோம்பெர்க் 2 என்ற குட்டி கேலக்ஸியில் உள்ள மூலத்தைச் சுற்றி ஒரு வாயு மேகம் இருக்கிறது. அதில் ஹீலியம் இரண்டு எலெக்ட்ரான்களையும் இழந்து, மீண்டும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்போது நீல நிறத்தில் ஒரு கோடு ஒளிர்கிறது. அப்படி ஹீலியத்தை உரிக்க, 54 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் வேண்டும். ஆகவே அந்த நீலக் கோட்டின் ஒளியை அளந்தால், மையத்திலிருந்து எத்தனை ஃபோட்டான்கள் மேகத்துக்குள் போயிருக்க வேண்டும் என்று எண்ணிவிடலாம். மேகம் நம் பக்கம் மட்டும் இல்லையே, சுற்றிலும் இருக்கிறது. பகுல், மிரியோனி இருவரும் 2002இல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். மூலம் உண்மையிலேயே எல்லாத் திசையிலும் அந்த அளவுக்கு ஒளிர்கிறது என்று வந்தது. நாம் இருக்கும் இடத்தை விட்டு நகராமலே, ஒரு பொருள் வேறு திசைகளில் எப்படித் தெரியும் என்று கண்டுபிடித்த வேலை இது. தொலைநோக்கியைவிட யோசனை பெரிது என்று எனக்குத் தோன்றிய இடங்களில் ஒன்று.

198ஆம் பக்கமும் 202ஆம் பக்கமும்

இனி 2014க்கு வரலாம். அந்த வருடம் ஜனவரி 21 அன்று எம்82 கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவா கண்டுபிடிக்கப்பட்டது. 1.2 கோடி ஒளி ஆண்டு தூரம் என்பது ஒரு சூப்பர்நோவாவுக்கு மிக அருகில் என்பதால், கிடைத்த கருவிகளையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பினார்கள். நியூஸ்டாரும் நீண்ட நேரம் பார்த்தது. அதன் பார்வையில் சூப்பர்நோவாவோடு சேர்த்து அதே கேலக்ஸியின் எக்ஸ்-1, எக்ஸ்-2 என்ற இரு அதிஒளிர் மூலங்களும் விழுந்தன. இரண்டும் வானில் வெறும் ஐந்து விநாடிக்கோண இடைவெளியில் இருப்பவை, நியூஸ்டாரால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தத் தரவில் மட்டேயோ பாக்கெட்டி ஒரு துடிப்பைக் கண்டார். 1.37 நொடிக்கு ஒரு முறை, கடிகாரம் போல. அந்தத் துடிப்பே 2.5 நாள் சுழற்சியில் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்தது, அதாவது துடிப்பது எதுவோ அது இன்னொரு விண்மீனைச் சுற்றுகிறது. கூர்மையான பார்வையுள்ள சந்திராவின் உதவியோடு பார்த்தபோது துடிப்பது எக்ஸ்-2 என்று தெரிந்தது.

கருந்துளை இப்படித் துடிக்காது. துடிப்பதற்கு ஒரு பரப்பு வேண்டும், அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு சுழலும் சூடான இடம் வேண்டும். பெரிய விண்மீன் வெடித்த பின் எஞ்சும் மிக அடர்ந்த கருவான நியூட்ரான் விண்மீனுக்குத்தான் அது உண்டு. அதன் காந்தப்புலம் வாயுவைத் துருவங்களுக்குத் திருப்பிவிடுகிறது, துருவம் சுழன்று நம் பக்கம் வரும்போதெல்லாம் ஒளி ஏறுகிறது. ஆக, எக்ஸ்-2 இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நியூட்ரான் விண்மீன். நிறை 1.4 சூரியன் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சத்தில் அதன் பிரகாசம் 1.8 × 10⁴⁰ எர்க். பழைய முறையில் எடிங்டன் கணக்கைத் திருப்பிப் போட்டால் 140 சூரிய நிறை வரும். உண்மையான நிறை அதில் நூறில் ஒரு பங்கு. இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விஷயம் உறைக்கிறது. பத்து, இருபது சதவீதப் பிழை என்றால் சரி செய்துகொள்ளலாம். நூறு மடங்கு பிசகிய பிறகு, பிரகாசத்திலிருந்து நிறையைச் சொல்லும் வழியே அடைபட்டுப்போகிறது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது பக்கத்துப் பக்கம். பாக்கெட்டி குழுவின் ஆய்வு 'நேச்சர்' இதழில் 2014 அக்டோபர் 9 அன்று 202ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அதற்கு நேர் முன்னால், 198ஆம் பக்கத்தில், மோட்ச் குழுவினரின் ஆய்வு இருக்கிறது. என்ஜிசி 7793 கேலக்ஸியின் பி13 என்ற அதிஒளிர் மூலம் பற்றியது. அவர்கள் செய்தது மிகக் கடினமான வேலை. துணை விண்மீனைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிடித்து, சுமார் 64 நாள் சுழற்சியைக் கண்டுபிடித்து, அது ஒரு பெரிய நீலநிற மீயொளிர் விண்மீன் என்று வகைப்படுத்தி, அதைச் சுற்றும் பொருளின் நிறை 15 சூரியனுக்குக் குறைவு என்று எல்லை கட்டினார்கள். இடைநிலைக் கருந்துளை தேவையில்லை, சிறிய கருந்துளையே வரம்பை மீறி இவ்வளவு ஒளிரும் என்பது அவர்கள் முடிவு. தலைப்பிலேயே கருந்துளை என்ற சொல் இருந்தது. இரண்டு வருடம் கழித்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதே பி13இல் 0.42 நொடித் துடிப்பைக் கண்டன. அதுவும் நியூட்ரான் விண்மீன்தான். 2013இல் எடுக்கப்பட்ட எக்ஸ்எம்எம் தரவிலேயே அந்தத் துடிப்பு இருந்திருக்கிறது.

மோட்ச் குழுவின் அளவீடு தவறவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறை 15க்குக் குறைவு என்றார்கள், 1.4 என்பது 15க்குக் குறைவுதான். அளந்தது அப்படியே நின்றது. விழுந்தது, அளக்காமல் எல்லோரும் உள்ளே வைத்திருந்த ஒரு சொல் மட்டும். இவ்வளவு பிரகாசம் என்றால் நியூட்ரான் விண்மீனாக இருக்க வழியில்லை என்பது அன்று துறை முழுவதும் பகிர்ந்துகொண்ட எண்ணம். அதை மாற்றிய கட்டுரையே அதே இதழில் அடுத்த தாளில் இருந்தது. ஒரு கருத்து எந்த இடத்தில் உடைகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக, பக்க எண்ணோடு காட்டும் இன்னொரு உதாரணம் அறிவியலில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2017இல் என்ஜிசி 5907இன் மூலம்: பிரகாசம் 10⁴¹ வரை, நியூட்ரான் விண்மீனின் வரம்பைப் போல ஐநூறு மடங்குக்கு மேல். அதன் துடிப்பு 2003இல் 1.43 நொடியாக இருந்து, 2014இல் 1.13 நொடியாகச் சுருங்கியிருந்தது. விழும் வாயு அதை விடாமல் முடுக்கிக்கொண்டிருக்கிறது. 2018இல் என்ஜிசி 300, 2019இல் என்ஜிசி 1313 எக்ஸ்-2, 2020இல் எம்51இன் ஏழாம் மூலம். நியூட்ரான் விண்மீன் எப்படி இதைச் சாதிக்கிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வலுவான காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பது குறைவதால் வரம்பே உயர்கிறது என்பது ஒரு கட்சி, புனல்தான் காரணம் என்பது கிங், லசோட்டா கட்சி. இதில் பாக்கெட்டி குழு பிற்பாடு செய்த ஒரு வேலை எனக்குத் தீர்மானமாகப் படுகிறது. எம்82 எக்ஸ்-2இன் சுற்றுப்பாதை சுருங்குவதைப் பல வருடத் தரவை வைத்து அளந்தார்கள். அந்தச் சுருக்கத்திலிருந்து, துணை விண்மீனிலிருந்து வருடத்துக்கு பூமியைப் போல ஒன்றரை மடங்கு நிறை இறங்குகிறது என்று வந்தது. காணும் பிரகாசத்துக்கு அது போதும், பெரிய புனல் எதையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

துடிப்பு இல்லை என்றால்?

இப்போது என் உறுத்தலின் மையத்துக்கு வருகிறேன். துடிப்பு கிடைத்தால் அது நியூட்ரான் விண்மீன், வாதமே இல்லை. துடிப்பு கிடைக்காவிட்டால்? அங்கேதான் பேச்சுவழக்கில் ஒரு சறுக்கல் நடக்கிறது. துடிக்காதவற்றையெல்லாம் ஒரு கூடையில் போட்டு அதற்குக் கருந்துளை என்று பெயர் எழுதிவிடுகிறோம். "நான் கருந்துளை" என்று ஒரு மூலம் தானாகச் சொல்லிக்கொள்ளும் அடையாளம் எதுவும் இல்லை. அதன் தனிக்குணமே பரப்பு இல்லாததுதான், இல்லாத ஒன்று சமிக்ஞை அனுப்பாது. அதனால் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி ஆகிவிடுகிறது இந்தச் சோதனை.

துடிப்பு மறைவதற்குக் காரணங்கள் நிறைய. ஃபோட்டான்கள் போதாமல் இருக்கலாம். பட்டியலில் உள்ள 1,800இல் பெரும்பாலானவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது சில நூறு ஃபோட்டான்கள்தான், துடிப்பைத் தேட ஆயிரக்கணக்கில் வேண்டும். சுற்றுப்பாதை இயக்கம் துடிப்பை மழுங்கடித்துவிடலாம். காந்த அச்சும் சுழல் அச்சும் ஒன்றாக நின்றால் ஏற்றஇறக்கமே இருக்காது. அடர்ந்த காற்றுக்குள் ஒளி பலமுறை சிதறி வரும்போது துடிப்பு கரைந்துவிடலாம். நியூட்ரான் விண்மீன் என்று உறுதியான மூலங்களே சில நாட்களில் துடிக்கின்றன, சில நாட்களில் துடிப்பதில்லை. எம்51இன் எட்டாம் மூலம் இதற்கு நல்ல சாட்சி. அதில் இதுவரை துடிப்பே கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் 2018இல் அதன் நிறமாலையில் 4.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது. வலுவான காந்தப்புலத்தில் சுழலும் துகள்கள் உறிஞ்சுவதால் வரும் பள்ளம் அது, கருந்துளைக்கு அப்படிப் புலம் கிடையாது. துடிக்காத நியூட்ரான் விண்மீன்! அந்தப் பள்ளம் மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால், அதுவும் கருந்துளைக் கூடையில்தான் கிடந்திருக்கும்.

சரி, அப்படியானால் எல்லாமே நியூட்ரான் விண்மீன்கள்தான் என்று சிலர் கிளம்புகிறார்கள். அந்தப் பக்கமும் எனக்குப் போக மனமில்லை. துடிப்பவை பத்து அளவில் தெரிகின்றன, அதை வைத்து ஆயிரத்துச் சொச்சத்தையும் தீர்ப்பது, பழைய அவசரத்தையே வேறு பெயரில் செய்வது.

உறுதியாகச் சொல்ல ஒரே வழி, சுற்றுப்பாதையை அளந்து நிறையைக் கண்டுபிடிப்பது. எம்101 கேலக்ஸியின் முதல் மூலத்தில் அது நடந்திருக்கிறது. துணை ஒரு வுல்ஃப் ராயே விண்மீன், வலுவான காற்று வீசுவது. அந்தக் காற்றின் ஹீலியக் கோடு முன்னும் பின்னும் நகர்வதை ஜெமினி தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்து, 8.2 நாள் சுற்று என்று கண்டார்கள். 2013இல் லியூ குழு வெளியிட்ட முடிவு: எதிரே இருப்பதன் நிறை எப்படிப் பார்த்தாலும் ஐந்து சூரியனுக்குக் குறையாது, பெரும்பாலும் இருபது, முப்பது அளவில் இருக்கும். நியூட்ரான் விண்மீன் ஐந்து சூரிய நிறையைத் தாங்காது, ஆகவே கருந்துளை. இதன் எக்ஸ் கதிர் நிறமாலை மிகவும் குளிர்ந்தது, அதை வைத்து இதை இடைநிலைக் கருந்துளை என்று பலர் நம்பியிருந்தார்கள். சுற்றுப்பாதை வந்து வெப்பமானியின் வாக்கைத் தள்ளியது. காற்றில் பிறக்கும் கோடு விண்மீனின் இயக்கத்தை அப்படியே காட்டுமா என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் "கருந்துளையால் இயங்கும்" என்று நான் தயங்காமல் எழுதும் மூலம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. 29 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இஎஸ்ஓ 243-49 என்ற கேலக்ஸியின் ஓரத்தில் உள்ள ஹெச்எல்எக்ஸ்-1. 2009இல் ஃபாரல் குழு அறிவித்தபோது அதன் உச்சப் பிரகாசம் 1.1 × 10⁴² எர்க். நியூட்ரான் விண்மீன் என்றால் வரம்பை ஆறாயிரம் மடங்கு மீற வேண்டும். பிரகாசத்தை நம்பக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இங்கே மட்டும் ஏன் என்று கேட்கலாம். இங்கே நான் நம்புவது அதன் நடத்தையை. அது வெடித்து ஒளிர்கிறது, பிறகு மங்குகிறது, அப்போது அதன் நிறமாலை மென்மையிலிருந்து (குறைந்த ஆற்றல்) கடினத்துக்கு (உயர்ந்த ஆற்றல்) மாறுகிறது, சில சமயம் ரேடியோவில் தாரை தெரிகிறது. பால்வீதியின் கருந்துளை இரட்டைகள் வரம்புக்குள் இருந்துகொண்டு செய்யும் அதே வரிசை, ஆனால் அளவு மட்டும் பெரிது. மெல்லிய வட்டு என்ற அனுமானம் உண்மையிலேயே பொருந்துகிறது என்பதற்கு அந்த வரிசையே ஆதாரம், அதனால் இங்கே வெப்பமானி வேலை செய்கிறது. அது காட்டும் நிறை பத்தாயிரக் கணக்கில் வருகிறது. கோல்பர்ட்டும் முஷோட்ஸ்கியும் தேடிய பொருள் இருக்கிறது என்றே நினைக்கிறேன், அவர்கள் தேடிய பட்டியலின் உச்சியில் மட்டும், மிக அரிதாக. எம்82 எக்ஸ்-1ஐ நடுவில் வைக்கிறேன். அதன் ஒளியில் நொடிக்கு 3.3 முறையும் 5.1 முறையும் வரும் அதிர்வுகளை வைத்து 2014இல் சுமார் 400 சூரிய நிறை என்று கணித்தார்கள். சிறிய கருந்துளைகளின் மூன்றுக்கு இரண்டு விகித அதிர்வுகளோடு அது அழகாகப் பொருந்துகிறது. அந்த விகிதம் ஏன் வருகிறது என்று யாராவது இயற்பியலில் தெளிவாகக் காட்டும் நாளில் அதையும் முழுதாக ஏற்றுக்கொள்வேன்.

இப்போதைக்கு நான் காத்திருப்பது என்ஜிசி 1313 எக்ஸ்-1க்காக. ஒரு காலத்தில் ஆயிரம் சூரிய நிறை, பிறகு அடர்ந்த காற்று வீசும் மூலம். அதே கேலக்ஸியில் இருக்கும் எக்ஸ்-2 நியூட்ரான் விண்மீன் என்று நிரூபணமாகிவிட்டது, எக்ஸ்-1இல் துடிப்பு இல்லை, சுற்றுப்பாதையும் தெரியாது. துணை விண்மீனின் ஒளியை வட்டின் ஒளி மூழ்கடித்துவிடுவதால் பெரிய தொலைநோக்கிகளுக்கும் அது எட்டவில்லை. அந்த ஒளிக்குள்ளிருந்து துணை விண்மீனின் ஒரே ஒரு கோட்டைப் பிரித்தெடுத்து, அது நகர்வதை ஒரு முழுச் சுற்றுக்கு யாராவது தொடர்ந்து அளந்துவிட்டால் போதும். அதுவரை அந்த மூலத்துக்கு நேரே நான் கருந்துளை என்றும் எழுதமாட்டேன், நியூட்ரான் விண்மீன் என்றும் எழுதமாட்டேன்.